வழித்துணை: கவுந்தியடிகளும் சாரண ஆசிரியரும்



‘சாரணர்’ என்னும் சொல் இன்று பள்ளி மாணவர் நாவில் மிக இயல்பாக வழங்குகின்றது. சீருடையும், கழுத்தில் வளையமிட்ட துணியும், இடக்கையால் கைகுலுக்கும் வழக்கமும் அச்சொல்லோடு சேர்ந்தே மனக்கண்முன் வருகின்றன. ஆனால் இச்சொல் இருபதாம் நூற்றாண்டில் ஆக்கப்பட்டதன்று. சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையைப் பயின்றோர் இதனை அறிவர். புகாரை விட்டு நீங்கி மதுரை நோக்கி நடக்கும் கோவலனும் கண்ணகியும், அவர்களுடன் வரும் கவுந்தியடிகளும், திருவரங்கத்தை அடுத்த சோலையில் சாரணரைக் காண்கின்றனர், வணங்குகின்றனர். அச்சாரணர் வான்வழி இயங்க வல்லவர் எனப்பட்ட சமண முனிவர். ஒற்றர் என்னும் பொருளும் இச்சொல்லுக்கு உண்டு. திரிதல், இயங்குதல் என்பதே இரு பொருளுக்கும் பொதுவாய் அடியில் கிடப்பது. ஆங்கிலச் சொல்லுக்கு இணை தேடியவர் யாராயினும், ஒற்றரையும் முனிவரையும் ஒருசேரத் தாங்கும் சொல்லைத் தேர்ந்தது பாராட்டற்குரியது. வேவு பார்க்கும் கூர்மையும் அறவழி நிற்கும் ஒழுக்கமும் ஒருங்கே வேண்டும் இயக்கத்திற்கு இதனினும் பொருத்தமான பெயர் வாய்த்தல் அரிது.

எனினும், ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் சாரணச் சிறுவரைப் பற்றியதன்று. அவர்களோடு நடக்கும் பெரியவரைப் பற்றியது. அவர்க்குச் சாரண ஆசிரியர் என்று பெயர். பெண்மகளிர் பிரிவில் சாரணிய ஆசிரியை. ஊதியம் ஏதுமின்றி, சனிக்கிழமை மாலைகளையும் விடுமுறை நாள்களையும் பிறர் பிள்ளைகளுக்குத் தந்துவிட்டு, தம் வீட்டில் அதற்காக வசை கேட்பவர். சிலம்பில் அவருக்கு நிகரானவர் வானில் வந்து வானில் மறைந்த சாரணர் அல்லர். தரையில் உடன் நடந்த கவுந்தியடிகளே.

கவுந்தி ஏன் நடந்தார் என்பதை முதலில் நோக்க வேண்டும். யாரும் அவரை அனுப்பவில்லை. மதுரையில் அறவுரை கேட்க வேண்டும் என்னும் விருப்பம் அவருக்கு முன்னரே இருந்தது. இளையோர் இருவர் அவ்வழியே செல்கின்றனர் என்றதும் கடிஞையும் மயிற்பீலியும் எடுத்துக்கொண்டு உடன் புறப்பட்டார். இது தியாகம் என்று பெருமை பேசப்படும் வகையைச் சேர்ந்ததன்று. தமக்கும் அப்பயணத்தில் ஓர் இன்பம் இருந்தது. நல்ல சாரண ஆசிரியர் பலரிடமும் இவ்வியல்பு காணப்படும். மலையேறுவதிலும், மரத்தடியில் அடுப்பு மூட்டுவதிலும், விண்மீன் பார்ப்பதிலும் தமக்கே ஆசை உள்ளவர்தாம் அதில் நிலைத்து நிற்கின்றனர். ‘தொண்டு செய்கிறேன்’ என்னும் எண்ணத்தோடு மட்டும் வருபவர் இரண்டாம் ஆண்டே களைத்துப்போவர்.

வழி தொடங்குமுன் கவுந்தி சொல்லும் எச்சரிக்கைகள், தமிழில் எழுதப்பட்ட நடைப்பயண அறிவுரைகளுள் முதன்மையானவை எனலாம். சோலை வழியே சென்றால் வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழிகளை உதிர்ந்த பூக்கள் மூடி மறைத்திருக்கும்; அவற்றில் விழ நேரும். குழிக்கு அஞ்சி விலகினால் தாழத் தொங்கும் பலாப்பழம் முட்டும். வயல் வழியே சென்றாலோ, கரும்பில் கட்டிய தேன்கூடு சிதைந்து பொய்கை நீரில் கலந்திருக்க, தாகத்தால் கண்ணகி அறியாமல் அந்நீரைப் பருகிவிடக்கூடும். வரப்பில் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கும். முன் இரண்டும் நடப்பவரின் உடலைக் காப்பன; பின் இரண்டும் பிற உயிர்க்குத் தீங்கு நேராமல் காப்பன. இவ்விரு காப்பையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தவரே வழிகாட்டி.

இவ்விடத்தை மதுரைச் சுற்றுவட்டாரத்தோடு பொருத்திப் பார்ப்பது பயனுடைத்து. இந்நிலத்தில் கண்மாய்கள் மிகுதி. மண் அள்ளப்பட்ட கண்மாய்களில், கரையோரம் முழங்கால் அளவே நீர் இருக்க, நாலடி தள்ளி ஆள் மூழ்கும் குழி இருக்கும். மழைநீர் நிறைந்தபின் மேற்பரப்பு ஒரே சமமாகத் தோன்றும். பூ மூடிய குழி இன்று நீர் மூடிய குழியாகிவிட்டது. விடுமுறையில் குளிக்கச் சென்ற சிறுவர் மூழ்கிய செய்தி கோடைதோறும் நாளிதழ்களில் வருகின்றது. நாகமலை அடிவாரத்திலோ அழகர்மலைப் பக்கத்திலோ முகாம் இடும் சாரண ஆசிரியர் முதல் நாளே தனியே சென்று நீர்நிலையைக் கோல்கொண்டு அளந்து பார்ப்பது இதனால்தான். அவர் அளந்ததைச் சிறுவர் அறியார், அறியவும் தேவையில்லை.

கண்ணகி புகாரின் எல்லையைத் தாண்டிச் சிறிது தொலைவு சென்றதுமே, ‘மதுரை எங்கே இருக்கிறது?’ என்று கேட்கின்றாள். கோவலன் சிரித்துக்கொண்டே முப்பது காதத்தை ஏதோ பக்கத்தில் இருப்பதுபோலச் சொல்கின்றான். சிறுவரை அழைத்துக்கொண்டு சமணர் மலைக்கு ஒருமுறையேனும் நடந்து சென்றவர் எவரும் இவ்வுரையாடலைப் படித்துப் புன்னகைக்காமல் இருக்க இயலாது. ‘இன்னும் எவ்வளவு தூரம் சார்?’ என்னும் கேள்வி கீழக்குயில்குடி ஊர் எல்லையிலேயே தொடங்கிவிடும்.

இனி, இவ்வியக்கம் வந்த வழியைச் சுருங்கக் காண்போம். இராபர்ட் பேடன் பவல் 1857ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் பிறந்தவர். ஆங்கிலப் படை அலுவலர். இளமையில் இந்தியாவில் பணியாற்றியவர். தென்னாப்பிரிக்காவின் மாபெகிங் நகர் 1899, 1900ஆம் ஆண்டுகளில் 217 நாள் முற்றுகையிடப்பட்டபோது, அந்நகரச் சிறுவர் செய்தி சுமந்து ஓடிய திறம் அவர் கருத்தைக் கவர்ந்தது. பொறுப்பைக் கொடுத்தால் சிறுவன் அதைத் தாங்குவான் என்னும் எண்ணம் அங்கேதான் வேரூன்றியது. 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ என்னும் சிறு தீவில் இருபதுக்குச் சற்றேறக்குறையச் சிறுவரை நான்கு அணிகளாகப் பிரித்து முகாம் நடத்தினார். செல்வர் பள்ளிப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில் படுத்தனர் என்பது அக்கால இங்கிலாந்தில் சிறிய செய்தியன்று. மறு ஆண்டு அவருடைய நூல் வெளிவந்தது. பெரியவர் எவரும் சொல்லாமலே சிறுவர் தாமே அணி அணியாய்த் திரண்டனர். பெரியவர் பின்னர்தான் தேடப்பட்டனர். 1909இல் இலண்டன் பளிங்கு மாளிகைப் பேரணிக்குப் பெண் குழந்தைகளும் அழைப்பின்றியே வந்து நின்றனர்; அடுத்த ஆண்டு சாரணியர் இயக்கம் பிறந்தது.

இந்தியாவில் 1909இல் பெங்களூரில் முதல் படை அமைந்தது. ஆனால் அது ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பிள்ளைகளுக்கே உரியதாக இருந்தது. இந்தியச் சிறுவர்க்குக் கதவு அடைக்கப்பட்டிருந்தது. அக்கதவைத் தட்டிக்கொண்டு நிற்காமல் தனி வீடே கட்டியவர்களுள் அன்னி பெசண்ட் அம்மையார் ஒருவர். 1916இல் அருண்டேலுடன் சேர்ந்து சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தை அவர் நிறுவினார்; தொப்பிக்கு மாறாகத் தலைப்பாகை அணிவித்தார். வடக்கே மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதிச் சாரணர் அமைப்பை வளர்த்தனர். பேடன் பவல் 1921இல் இந்தியா வந்தபோது இணைப்பு முயற்சிகள் நடந்தன. ஒரு பகுதி இணைந்தது, ஒரு பகுதி விலகி நின்றது. விடுதலைக்குப் பின்னர், 1950 நவம்பர் 7ஆம் நாள் பாரத சாரணர் அமைப்பு ஒன்றாயிற்று. 1951 ஆகஸ்ட் 15இல் சாரணியரும் சேர்ந்தனர். இவ்வரலாற்றில் ஒன்று கருதற்குரியது. இந்தியச் சிறுவரைச் சேர்க்க மறுத்தது விதிநூல். சேர்த்தவர் தனி மனிதர்கள், அதுவும் தம் வேலைக்கு நடுவே நேரம் ஒதுக்கியவர்கள்.

சாரண ஆசிரியர் எத்தகையவராக இருத்தல் வேண்டும் என்பதற்குப் பேடன் பவல் கூறிய உவமை எளியது. அவர் பள்ளி ஆசிரியரும் அல்லர், படைத் தலைவரும் அல்லர். மூத்த அண்ணனைப் போன்றவர் என்றார். நன்னூலார் ஆசிரியரை நிலத்தோடும் மலையோடும் துலாக்கோலோடும் பூவோடும் ஒப்பிட்டார். நான்கும் இருந்த இடத்தில் இருப்பன. மாணவன்தான் அவற்றை நாடிச் செல்ல வேண்டும். அண்ணனோ உடன் நடப்பவன். முன்னே ஓடிவிடாமலும் பின்னே தள்ளாமலும் நடப்பவன். தமிழில் இதற்குரிய மற்றொரு முன்மாதிரி ஆற்றுப்படை இலக்கியம். பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையோடு எதிர்வரும் பாணனுக்கு வழி சொல்கின்றான். அவன் மேலோன் அல்லன். நேற்றுவரை அவனும் அதே பசியில் இருந்தவன். அதனால்தான் அவன் சொல் எடுபடுகின்றது.

இவ்வண்ணன் முறையைச் செயற்படுத்தும் கருவி அணி முறை. ஓர் அணிக்கு ஆறு முதல் எட்டுப் பேர். அவர்களுள் ஒருவன் அணித் தலைவன். சமையல் எது, கூடாரம் எங்கே, தாமதமாய் வந்தவனுக்கு என்ன செய்வது என்பவற்றை அணித் தலைவர் கூடி முடிவு செய்வர். ஆசிரியர் அருகில் அமர்ந்திருப்பார். அமர்ந்திருத்தல்தான் கடினம். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஆண்டுக்கணக்கில் பேசிப் பழகிய நாவுக்கு, பதின்மூன்று வயதுச் சிறுவன் தவறான முடிவெடுக்கும்போது வாயடைத்திருப்பது பெருந்தவம். சோறு குழைந்துபோகும் என்று தெரியும். குழையட்டும் என்று விட வேண்டும். உயிருக்குத் தீங்கு வரும் இடத்தில் மட்டும் நொடியும் தாமதியாமல் குறுக்கிட வேண்டும். எது குழைந்த சோறு, எது மூடிய குழி என்று பிரித்தறிதலே இக்கலையின் உயிர்நாடி.

மேலூர்ப் பக்கத்து உழவர் வீட்டு மாணவன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். வகுப்பில் பின் வரிசை. ஆங்கிலத்தில் தேர்ச்சி இல்லை. ஆசிரியர் பார்வையில் படாமல் ஒதுங்கும் பழக்கம். சாரணர் படையில் முடிச்சுப் பயிற்சி நடக்கின்றது. இழுக்க இழுக்க இறுகும் உருவாஞ்சுருக்கையும், எவ்வளவு இழுத்தாலும் இறுகாத வளைய முடிச்சையும் ஆசிரியர் நூலைப் பார்த்துக் காட்டித் தருகின்றார். அவரே இருமுறை பிழை செய்கின்றார். அம்மாணவன் மெல்ல முன்வந்து, கன்றின் கழுத்தில் கட்டும் கயிறு இறுகக்கூடாது என்று வீட்டில் கற்றதை ஒரே இழுப்பில் போட்டுக் காட்டுகின்றான். அந்நொடியில் ஆசிரியர் செய்யக்கூடியன இரண்டு. ‘சரி, உட்கார்’ என்று சொல்லிவிட்டுத் தம் பாடத்தைத் தொடரலாம். அன்றி, கயிற்றை அவன் கையில் கொடுத்து, ‘எனக்கும் ஒருமுறை சொல்லிக் கொடுப்பா’ என்று கேட்கலாம். இரண்டாவதைச் செய்பவர் அம்மாணவனுக்குத் தந்தது முடிச்சு அன்று. இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு விருதுப் பட்டியலில் கட்டம் கிடையாது.

விருது பற்றியும் சொல்லாமல் விடலாகாது. பிரவேஷ், பிரதம சோபான், துவிதீய சோபான், திருதீய சோபான் என்று படிப்படியாக ஏறி, ஆளுநர் வழங்கும் ராஜ்ய புரஸ்கார், அதற்கும் மேலே குடியரசுத் தலைவர் விருது என அமைந்துள்ள ஏணி நல்ல ஏணிதான். ஏறுபவன் கண் ஏணியிலேயே தங்கிவிட்டால்தான் இடர். சான்றிதழ் பயன்படும் என்று பெற்றோர் கேட்கின்றனர். எண்ணிக்கை உயர வேண்டும் என்று பள்ளி கேட்கின்றது. சில இடங்களில் ஒரு மாலைப் பொழுதில் பத்துத் திறன்களில் ‘தேர்ச்சி’ எழுதி முடிக்கப்படுகின்றது. முதலுதவிக் கட்டுப் போடத் தெரியாத முதலுதவிச் சின்னம் ஒரு பொய். அப்பொய்யைச் சிறுவன் தன் சட்டைக் கையில் தைத்துக்கொண்டு நடக்கும்படி செய்வது, அவன் ஏற்ற உறுதிமொழியையே அவனைக்கொண்டு உடைப்பதாகும்.

பெரியவர்க்கும் பயிற்சி உண்டு. 1919இல் இங்கிலாந்தின் கில்வெல் பூங்காவில் தொடங்கியது அம்மரபு. இந்தியாவில் அடிப்படைப் பயிற்சி, மேற்பயிற்சி, அதன் பின்னர் ஹிமாலயா உட் பேட்ஜ் என முகாம்களில் நடக்கின்றது. மத்தியப் பிரதேசத்துப் பச்மடியில் தேசியப் பயிற்சி மையம் உள்ளது. நாற்பத்தைந்து வயதுத் தலைமையாசிரியரும் அங்கே தட்டைத் தாமே கழுவ வேண்டும். இறுதியில் கிடைப்பது இரண்டு மரமணிகள். அம்மணிகளின் மூல வடிவம் ஸூலு அரசர் தினுசுலுவினுடையதாகச் சொல்லப்படும் மாலையிலிருந்து வந்தது. தோற்றுப்போன ஒரு மக்களின் அணிகலன் உலகத் தோழமையின் அடையாளமானது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. அதில் கொஞ்சம் கசப்பும் உண்டு.

இனிச் சொல்லப்போவது இனிமையான செய்தி அன்று. நாடுகாண் காதையில் சோலை ஒன்றில் கயவர் இருவர் எதிர்ப்படுகின்றனர். ‘இவர்கள் யார்?’ என்று கேட்க, ‘என் மக்கள்’ என்கிறார் கவுந்தி. அவர்கள் இழித்துப் பேச, கண்ணகி செவி பொத்தி நடுங்குகின்றாள். துறவியாகிய கவுந்தி அப்போது பொறுமை காக்கவில்லை. நரியாகுக என்று சபிக்கின்றார். பின்னர் அவ்விளையோரே இரக்கம் கொண்டு வேண்ட, பன்னிரு மாத எல்லை வகுக்கின்றார். காப்பவர் சினக்கவேண்டிய இடத்தில் சினந்தார்; இளையோர் சொல்லையும் கேட்டார்.

இளையோரை நம்பிக்கையோடு ஒப்படைக்கும் எந்த அமைப்பிலும் நரிகள் நுழைய முயலும் என்பது இன்று ஐயமின்றித் தெரிகின்றது. அமெரிக்கச் சாரணர் அமைப்பு 2020இல் கடன் தீர்க்க இயலா நிலையை அறிவித்து நீதிமன்றம் சென்றது. சிறு வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக 82,000க்கும் மேற்பட்டோர் முறையிட்டனர். கடல் கடந்த செய்தி என்று ஒதுக்கிவிட இயலாதவாறு, 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நாட்டு மாணவர் படை முகாம் என்னும் பொய்ப் பெயரில் பள்ளியில் நடத்தப்பட்ட முகாமில் மாணவியர்க்கு நேர்ந்த கொடுமை வெளிவந்தது. வந்தவர் யார், எவ்வமைப்பின் ஒப்புதலோடு வந்தார் என்று ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டிருந்தால் தடுத்திருக்கலாம். சீருடை கண்டதும் கேள்வி கேட்க நாணும் பழக்கம் தமிழகத்துப் பள்ளிகளில் ஆழ வேரூன்றியுள்ளது.

ஆகவே, தொண்டர் ஒருவரின் நல்லெண்ணம் மட்டும் போதாது. எந்தச் சிறுவரோடும் பெரியவர் ஒருவர் தனித்திருத்தல் கூடாது. முகாமில் பெரியவர் இருவரேனும் எப்போதும் இருத்தல் வேண்டும். சாரணியர் முகாமில் பெண் ஆசிரியை இரவும் உடனிருத்தல் வேண்டும். குழந்தை குறை சொன்னால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், பள்ளியின் பெயரைக் காக்க மறைத்தல் குற்றம். இவ்விதிகள் தம்மை ஐயுறுகின்றன என்று நல்ல ஆசிரியர் சிலர் வருந்துவதுண்டு. அவ்வருத்தம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் இவை அவரையும் காக்கும் வேலி. பழி ஒன்று வந்தால் உடனிருந்த மற்றொரு பெரியவரே அவருக்குச் சான்று.

மீண்டும் மதுரைக்கு வருவோம். பாண்டி நாட்டு வெயில் கொடிதென்று கருதி அம்மூவரும் நிலவொளியில் இரவிலே நடந்தனர். வையையை மரப்புணையில் கடந்தனர். மூங்கிலும் கயிறும் கொண்டு புணை கட்டுதல் சாரணர் பயிற்சியிலும் உண்டு; வையையில்தான் அதற்கு வேண்டிய நீர் ஆண்டில் பல மாதம் இராது. நகர்க்கு வெளியே, அறவோர் தங்கும் புறஞ்சேரியில் கவுந்தி நின்றுவிடுகின்றார். இடைக்குல மூதாட்டி மாதரியிடம் கண்ணகியை அடைக்கலம் தருகின்றார். கண்ணகியின் இயல்பு, பட்ட துன்பம் எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லித் தருகின்றார். மறுநாள் கோவலன் சிலம்போடு தனியே நகருள் செல்கின்றான்.

இவ்வடைக்கலக் காட்சியில் இன்றைய படைகளின் மெய்யான குறை ஒளிந்துள்ளது. பல பள்ளிகளில் சாரணர் படை என்பது ஒரே ஓர் ஆசிரியர். அவர்க்கு இடமாற்றம் வந்தால், ஓய்வு வந்தால், நோய் வந்தால் படை கலைகின்றது. அலமாரியில் கொடியும் கயிறும் பூட்டிக் கிடக்கும்; திறவுகோல் எங்கே என்று புதிதாய் வந்தவர்க்குத் தெரியாது. பாதி ஏணியில் நின்ற பிள்ளைகளை யாரும் கேட்பதில்லை. கவுந்தி தம் எல்லை இது என்று அறிந்து, அடுத்தவரைப் பெயர் சொல்லி அழைத்து ஒப்படைத்தார். அச்சிறு செயலைக்கூட இன்று செய்ய ஆள் இல்லை. மாதரிகள் தேடப்படவில்லை என்பதே காரணம்.

மாதரி துறவி அல்லள். படித்தவள் என்றும் நூல் சொல்லவில்லை. இயக்கிக்குப் பால்மடை கொடுத்துத் திரும்பிய வழியில் பொறுப்பேற்றவள். அவ்வகையில், சாரணர்க்குத் துணை நிற்பவர் அனைவரும் பள்ளி ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. முதலுதவி சொல்லித் தரச் செவிலியர் ஒருவர், மின்கம்பி இணைப்புக் காட்டத் தொழிலாளர் ஒருவர், நீச்சல் தெரிந்த தீயணைப்புத் துறையினர் ஒருவர், சமணர் மலைக் கல்வெட்டின் வட்டெழுத்தைப் படித்துக் காட்டத் தமிழ் அறிந்தவர் ஒருவர் என மாதம் ஒரு மாலை வந்தால் போதும். 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறையில் நடந்த வைரவிழாப் பெருந்திரளணியில் நாடெங்கிலுமிருந்து பிள்ளைகள் பல்லாயிரவர் கூடினர். அங்குச் சென்ற ஒவ்வொரு குழுவோடும் இரவில் தலை எண்ணிப் பார்த்துவிட்டுக் கடைசியாகப் படுத்த பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் இடத்திற்கு அடுத்து யார் என்பதே இப்போதைய கேள்வி.

இவ்வவையில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி அலுவலர்கள், நூலகர்கள் பலர் வீற்றிருக்கின்றனர். முகாம் தீயைச் சுற்றி அமரும் பிள்ளைகளுக்குக் கதை வேண்டும். எல்லா முகாம்களிலும் அந்நேரத்தில் திரைப்பாடல்தான் ஒலிக்கின்றது என்று குறைப்படுவோர் உளர். கீழக்குயில்குடிக்குப் பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து தொலைவு அதிகமில்லை. மார்கழி தையில் பனி இருக்கும், போர்வை ஒன்று எடுத்துச் செல்லுதல் நலம். நாடுகாண் காதையைத் தொடங்கினால், ‘மதுரை எங்கே இருக்கிறது?’ என்று கண்ணகி கேட்கும் இடத்தில் பிள்ளைகள் எல்லோரும் சிரிப்பார்கள். அங்கிருந்து நகரத்து விளக்குகள் தெரியும்.